நாலு ஸ்க்ரூ

“கைய வெக்காதீங்க தலைவரே. மெயின அணைச்சிட்டா மட்டும் போதாது.”

மூட்டைமேல் வைத்திருந்த போனிலிருந்து ரேணுகாதேவியின் குரல் வந்தது. நீட்டிய கையைத் தீர்த்தகிரி சட்டென்று இழுத்துக்கொண்டார்.

சுற்றியுள்ள ஏழு ஊர்ச் சாமைக்கும் உமி நீக்குவது அவர் தலைவராக இருக்கும் சங்கத்து மில்தான். காலையில் அங்கே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டிக்குள், மோட்டாருக்குக் கரண்டை விடும் பவர் மாட்யூல் வெடித்துவிட்டது. நாளை விடிந்தால் கோயில் பொங்கல். படையல் சாமை இன்னும் உமியோடு கிடக்கிறது. கையிலிருப்பது ஒரே ஒரு மாற்று மாட்யூல். அதுவும் போனால் மலைக்குக் கீழேயிருந்து வேறு வர நாலு நாளாகும். வேலூரில் பயிற்சி எடுத்து, இந்தப் பெட்டியை இங்கே பொருத்தியவளே ரேணுகாதேவிதான். இப்போது போனில் அவள் சொல்லச் சொல்லத் தீர்த்தகிரி செய்ய வேண்டியிருந்தது.

உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஏரி மாதிரி கரண்டைத் தேக்கி வைத்திருக்கும், வடியப் பத்து நிமிடமாகும் என்றாள். மீட்டரை வைத்துப் பார்த்தார். முந்நூறு வோல்ட். காத்திருந்தார். நாற்பது. மறுபடி காத்திருந்தார். இரண்டு என்று காட்டிய பிறகுதான் கருகிய மாட்யூலைக் கழற்ற விட்டாள்.

அடுத்து, சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை. புது மாட்யூலின் அடித்தகட்டில் தாராளமாக அப்பினார். எவ்வளவு கனம் என்று கேட்டவள், பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

“இன்னா தலைவரே, தோசையா ஊத்துறீங்க? வழிச்சி எடுங்க. தகடு மங்கலா தெரியணும். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்த ரொப்பத்தான் பசை. கனமா இருந்தா சூடு வெளிய போவாது. இதுவும் வெடிக்கும்.”

வழித்தார். மாட்யூலை வைத்து நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னாள். ஒரே மூலையை முறுக்கினால் உள்ளே இருக்கும் பீங்கான் தகடு விரிசல் விட்டுவிடுமாம். மூன்றாவது ஸ்க்ரூவில் கை வழுக்கியது. தீர்த்தகிரிக்கு உயிரே போய் வந்தது.

“நான் இருந்தா அரைமணி நேர வேலை,” என்றாள்.

அவர் நாலாவது ஸ்க்ரூவுக்கு நகர்ந்தார்.

ஒயர்களை நம்பர் பார்த்து மாட்டினார். மோட்டார் தகட்டிலிருந்த ஆம்பியரைப் படிக்கச் சொல்லி, அந்த அளவுக்கே டிரைவின் குமிழைத் திருப்பி வைக்கச் சொன்னாள். அதற்குமேல் மோட்டார் இழுத்தால் டிரைவ் தானே நிறுத்திவிடும். முழு வேகம் பிடிக்க முப்பது விநாடி என்று இன்னொரு குமிழையும் வைக்கச் சொன்னாள்.

“பெட்டிய மூடிட்டு, மெயின போட்டு, மூஞ்சத் திருப்பிக்கினு ஆன் பண்ணுங்க.”

“வெடிச்சிதுன்னா?”

“நான் சொன்னத சொன்னபடி செஞ்சிருந்தா வெடிக்காது.”

கண்ணை மூடிக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினார். பெட்டிக்குள் ஒரு முனகல். பெல்ட் தயங்கி அசைந்தது. பிறகு மெல்ல வேகம் பிடித்து, உமி பறக்கத் தொடங்கியது.

“ஓடுதும்மா.”

“கேக்குது.”

தீர்த்தகிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். இருபதடி தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம், கொளுத்தும் வெயிலில் போனைக் காதில் வைத்தபடி ரேணுகாதேவி நின்றுகொண்டிருந்தாள். மாதத் தீட்டோடு படையல் சாமை இருக்கும் இடத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று காலையில் அவளை வெளியே அனுப்பியவர் தீர்த்தகிரிதான்.