வெள்ளச்சி பூப் போட்டுக் கேட்டாள்

கோல்ஃப் மைதானத்து ஓரப் புதரில் ஒரு பந்தும் வீசி விளையாடும் ஒரு தட்டும் தொலைந்து கிடந்தன. அங்கே மேய வந்த வெள்ளச்சி என்ற ஆட்டுக்கு விளையாட்டுப் பழக ஆசை வந்தது.

"என்னை எடுத்துக்கோ தாயீ. கொம்பால முட்டி முட்டிக் குழியில தள்ளணும், அதுதான் கோல்ஃப். சத்தம் போடக் கூடாது, புல்லைக் கடிக்கக் கூடாது" என்றது பந்து.

"அது விளையாட்டா, விரதமா?" என்று சிரித்தது தட்டு. "என்னை வாயால வீசிச் சங்கிலிக் கூடையில போடு, அதுதான் டிஸ்க் கோல்ஃப். கத்திக்கிட்டே ஆடலாம்."

இரண்டுமே புதரை விட்டு வெளியேறத் தவித்தன. வெள்ளச்சியோ ஒன்றைத்தான் எடுப்பாளாம்.

"பிள்ளையார்கிட்ட பூப் போட்டுக் கேட்டுடறேன்" என்றாள். பந்துக்குச் சிவப்புப் பூ, தட்டுக்கு வெள்ளைப் பூ. தனித்தனி இலையில் மடித்து, புதருக்குப் பக்கத்துப் பிள்ளையார் முன்னால் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஒரு மடிப்பை எடுத்தாள். தின்றுவிட்டாள். மற்றதையும் தின்றாள்.

"என்ன பூ வந்துச்சு?" என்று இரண்டும் பதறின.

"சாமி இன்னும் வாய் திறக்கலை. நாளைக்குப் பெரிய இலையாப் பார்த்துக் கேட்போம்" என்று ஏப்பம் விட்டுப் போனாள்.

"காகிதத்துல மடிக்கச் சொல்லுவோமா?" என்றது பந்து.

"யாரு, சுவரொட்டி தின்னு வளர்ந்தவகிட்டயா?" என்றது தட்டு.