தானாக உடைந்தவை

"இது கைவேலையா, இல்ல பவுசு காட்டற வேலையா மிஸ்?"

வக்கீலம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். பள்ளி விட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கைவேலை டீச்சர், பீங்கான் சில்லு ஒன்றின் கூர் முனையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் விரலைக் கிழித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சில்லையும் அவளே தேய்த்துத்தான் கொடுப்பாள்.

மூன்றாம் வகுப்புக்கு இந்தத் தடவை சில்லுப் படம். ஆளுக்கு ஒரு பலகை. அதில் ஈரச் சுண்ணத்தைப் பூசி, உடைந்த கப், தட்டுத் துண்டுகளைப் பதித்து, பிடித்த உருவத்தைச் செய்ய வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் தானாக உடைந்ததை மட்டும்தான் கொண்டுவரலாம். இதற்கென்று எதையும் உடைக்கக் கூடாது.

"என் பையனோட யானைக்கு இன்னும் ஒரு காதுதான் முளைச்சிருக்கு" என்றாள் வக்கீலம்மா.

"உங்களுக்காவது யானை" என்றாள் கூடவே வந்திருந்த இரட்டையரின் அம்மா. "எங்க வீட்டு ரெண்டும் சேர்ந்து ஒரு ஆமை பண்ணுதுங்க. ஓடே இல்லாத ஆமை. பாத்தா தேரை மாதிரி இருக்கு."

"உங்க வீட்டுல எதுவும் உடையலையா?"

"அதை ஏன் கேக்கறீங்க. கடைசியில நானே ஒரு கப்பை விரல் நுனியில பிடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் வேடிக்கை பாத்தேன். அதுவா நழுவிடுச்சு."

டீச்சர் காதில் விழாதவள் போலக் குனிந்துகொண்டாள்.

"சிரிக்கிற விஷயமில்ல மிஸ்" என்றாள் வக்கீலம்மா. "அந்தச் சிட்டு மட்டும் வாரா வாரம் பை நிறையக் கொண்டுவர்றா. ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் பூப்போட்டது. ஒரு வீட்டுல அவ்வளவா கை தவறும்? வாங்கி வாங்கி உடைக்கிறாங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

டீச்சருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் கேட்க மனசு வரவில்லை. சிட்டுவின் சேவல் அப்படி வந்திருந்தது. கூரை மேல் ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை நீட்டி, இதோ கூவப்போகிறேன் என்கிற மாதிரி. கண்காட்சியில் அதைத்தான் நடு மேசையில் வைப்பதாக இருந்தாள். ஒரு வாரமாக அந்தக் குழந்தை அதே பேச்சாக இருந்தது.

அப்போது சிட்டுவின் அம்மா மகளை அழைத்துப்போக உள்ளே வந்தாள். சின்ன வயசு. எப்போதும் கடைசியாக வருவாள், வந்ததும் கிளம்பிவிடுவாள். யாரோடும் நின்று இரண்டு வார்த்தை பேசியதில்லை. தலைக்கனம் என்று மற்ற அம்மாக்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

"உட்காருங்கம்மா."

"இல்ல மிஸ், நேரமாகுது. அவங்க அப்பா வர்றதுக்குள்ள வீட்டுல இருக்கணும். சிட்டு எங்க?"

"கை கழுவப் போயிருக்கா. ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் வீட்டுல தானா உடைஞ்சதுதானா?"

அவள் மேசை மேலிருந்த சிட்டுவின் பலகையைப் பார்த்தாள். அதை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. ஒரு சில்லின் மேல் விரலை வைத்தாள். சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா, இது கோர்ட் இல்ல" என்றாள் வக்கீலம்மா.

"வாங்கினதுதான்."

"என்னது?"

"கடையில வாங்கி நான்தான் உடைச்சுக் கொடுத்தேன். பொண்ணு ஆசைப்பட்டா. தப்புதான் மிஸ்."

வக்கீலம்மா இரட்டையரின் அம்மாவைப் பார்த்தாள். இரட்டையரின் அம்மா கூச்சமே இல்லாமல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா இதைக் கண்காட்சியில வைக்க முடியாதேம்மா" என்றாள் டீச்சர். "குழந்தை ஏங்கிப் போயிடுவாளே."

"பரவாயில்ல. எடுத்துடுங்க."

அவள் முகத்தில் வருத்தமே இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது போல மூச்சு விட்டாள்.

"அம்மா பொய் சொல்றாங்க மிஸ்."

ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தாள் சிட்டு.

"வாயை மூடு. வா, போகலாம்."

"நாங்க எதையும் வாங்கல மிஸ். அம்மா ஒரு கப்கூட உடைச்சதில்ல. அம்மா பெருக்கித் தருவாங்க, நான் கலர் கலராப் பிரிச்சு வைப்பேன். அவ்வளவுதான்."

"சிட்டு, சொன்னா கேளு."

அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை மேசைக் காலைக் கட்டிக்கொண்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சேவலை எடுத்துடாதீங்க மிஸ். வானம் மட்டும்தான் பாக்கி. நீலம் நாளைக்கு வந்துடும், சத்தியமா."

சில்லைத் தேய்த்துக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது.

"நாளைக்கு எப்படிம்மா வரும்?"

மகளின் வாயைப் பொத்த அம்மாவின் கை நீண்டது. அதற்குள் சிட்டு சொல்லிவிட்டாள்:

"இன்னிக்கு அப்பாவுக்கு நீலத் தட்டை எடுத்து வெச்சு, அம்மா பாக்காதப்ப சாப்பாட்டுல ரெண்டு கை உப்பைப் போட்டுடுவேன் மிஸ். கொண்டைக்குச் சிவப்பு வேணும்னப்பவும் அப்படித்தானே கிடைச்சுது."