இரண்டாவது கவர்

டோக்கன் இன்னும் அழைக்கப்படவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தாள்.

ஏசியில் டைல்ஸ் சில்லென்று இருந்தது. இப்படியே உட்கார்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

போன வாரம் இதே கடையில்தான் தாய்லாந்துப் பணம் வாங்கினார்கள். அன்றைக்கு அவள் கணவரும் கூட வந்திருந்தார். மொத்தத்தையும் ஒரே பையில் வைத்தால் பிக்பாக்கெட்காரனுக்கு வசதியாகிவிடும் என்று இரண்டு கவராகப் போடச் சொன்னதும் அவர்தான்.

ஒன்று அவருக்கு. ஒன்று அவளுக்கு.

இன்று திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். தனியாக.

அவருடைய பெரியப்பா இறந்துவிட்டார்.

வரப்புத் தகராறில் கோர்ட் வரைக்கும் இழுத்த பெரியப்பா. இவர்கள் கல்யாணத்துக்கே வராத மனிதர். கோயில் திருவிழாவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். உயிரோடு இருந்தவரை பேச்சுவார்த்தை கிடையாது, நல்லது கெட்டது கிடையாது.

செத்ததும் பங்காளி ஆகிவிட்டார்.

பங்காளி என்றால் தீட்டு. பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை எங்கேயும் நகர முடியாது.

கணவர் நேற்றே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். காலையில் போன் செய்தார்.

"பெரியப்பன் செத்துக் கெடக்கான், இவன் பொண்டாட்டிய கூட்டிக்கிட்டு கடல்ல குளிக்கப் போயிட்டான்னு ஊரே பேசும். டிக்கெட் காசு போனா போவுது. அந்தப் பணத்தையாவது மாத்திட்டு நாளைக்குக் காலையில இங்க வந்து சேரு. வர்றவங்களுக்குச் சமைக்க ஆள் பத்தல."

சமைக்க ஆள் பத்தவில்லை.

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கடலை அவள் பார்த்திருக்கிறாள். தாய்லாந்துக் கடலும் உப்பாகத்தான் இருக்கும். அவள் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. பெங்களூரில் இருக்கும் மகன் ஓட்டல் புக் செய்து அனுப்பியிருந்தான். அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. காலைச் சாப்பாடு அறை வாடகையிலேயே சேர்த்தி.

நாலு நாள். நாலு காலை.

யாரோ போட்ட காபி. யாரோ கழுவப்போகிற டம்ளர்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எழுந்ததும் அடுப்பைப் பார்க்காத காலை என்றால், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைத்தான் சொல்ல வேண்டும்.

பயணம் நின்றுபோவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை நாத்தனார் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. அடுத்த தடவை மாடிக்குத் தளம் போட்டார்கள். பாஸ்போர்ட் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது; அடுத்த வருஷம் காலாவதி. உள்ளே ஒரு முத்திரைகூட விழவில்லை. போட்டோவில் மட்டும் அவளுக்குத் தலைமுடி கறுப்பாக இருக்கிறது.

விமானம் இன்று இரவு. டிக்கெட்டை யாரும் கேன்சல் செய்யவில்லை. செய்தாலும் பைசா திரும்பாது. கட்டி வைத்த பெட்டி பிரிக்கப்படாமல் கூடத்தில் நிற்கிறது.

இரண்டு கவரும் பூஜை அறையில் இருந்தன. மஞ்சள் குங்குமம் தொட்டு, சாமி படத்துக்குக் கீழே அவள்தான் வைத்திருந்தாள். தீட்டோடு நீ உள்ளே போகாதே, பக்கத்து வீட்டுச் செண்பகத்தை எடுத்துத் தரச் சொல் என்று அவர் போனில் சொல்லியிருந்தார்.

செண்பகம் வீடு பூட்டியிருந்தது.

வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கால் வலித்தது. திரும்பி வந்து, தானே உள்ளே போய், கவர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

டோக்கன் எண்ணை அழைத்தார்கள்.

கவுன்ட்டரில் அதே மனிதர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன மேடம், போகலையா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"திருப்பி வாங்குற ரேட்டு கம்மியாத்தான் வரும். பரவால்லையா?"

அதற்கும் தலையாட்டினாள்.

அவள் ஒரு கவரை நீட்டினாள். அவர் விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. துடைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். குரல் கொஞ்சம் இளகியது.

"விடுங்க மேடம். அடுத்த வருஷம் போயிக்கலாம். தாய்லாந்து எங்க ஓடிப்போயிடப் போவுது."

நல்ல மனிதர். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

வீட்டிலும் ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்வார்கள். இதே வார்த்தைகள். தாய்லாந்து எங்கேயும் ஓடாது என்று அவளுக்கும் தெரியும். ஓடியோடி முட்டி தேய்ந்தது அவளுக்குத்தான்.

அவர் கவரில் இருந்ததை எண்ணி, அதற்கான ரூபாயை அவள் முன்னால் வைத்தார். பிறகு அடுத்த கவருக்காகக் கையை நீட்டினார்.

அவள் தரவில்லை.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஊரில் யார் யார் என்னென்ன பேசுவார்கள் என்று வரிக்கு வரி தெரியும். கணவர் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்பதும் தெரியும். யோசிக்க யோசிக்க இன்னும் அசதியாக இருந்தது.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

அவள் தன் கவரைப் பிரித்தாள். அதிலிருந்து ஒரே ஒரு நோட்டை உருவிக் கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

"இத மட்டும் அந்த ஊர்ச் சின்ன நோட்டா மாத்திக் குடுங்க. காலையில இறங்குனதும் டாக்சிக்கு வேணும்."