அறம் சார் தலை நிமிர்ந்தபோது

"முப்பத்தொன்பது."

"பிரசன்ட் சார்."

"யாரும் பார்க்காத இடத்துல செஞ்ச தப்பு, தப்புதானா?"

முப்பத்தொன்பதாம் எண் மாணவன் கூரையைப் பார்த்து யோசித்தான். "சிசிடிவி கூட இல்லையா சார்?"

வகுப்பு சிரித்தது. அறம் சார் சிரிக்கவில்லை. பதிவேட்டிலிருந்து தலையையும் தூக்கவில்லை. இரண்டு மதிப்பெண் போட்டார்.

வேதியியல் படிப்பவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் நன்மை தீமை புகட்டுவது அந்தக் கல்லூரியின் ஏற்பாடு. புகட்டியது அடுத்த மணி அடிப்பதற்குள் செரித்துவிடும். பாடம் அறவியல் என்பதால் ஆசிரியருக்குப் பெயர் அறம் சார். அவருக்கு மாணவர்கள் எல்லோரும் வெறும் எண்கள். நூற்றிருபது முகங்களை மனப்பாடம் செய்ய அவர் என்ன பாவம் செய்தார்?

இன்று கடைசி வகுப்பு. வருகைப்பதிவும் வாய்மொழித் தேர்வும் ஒரே மூச்சில். எண்ணைக் கூப்பிடுவார், எழுந்து பிரசன்ட் சொல்ல வேண்டும், நின்ற இடத்திலேயே ஒரு கேள்வி. ஐந்துக்கு மதிப்பெண்.

அவள் நாற்பத்திரண்டு.

எழுத்துத் தேர்வுகளில் வகுப்பிலேயே முதல். வாய் மட்டும் பூட்டிய வீடு. இந்தப் பருவம் முழுவதும் வகுப்பில் 'பிரசன்ட் சார்' தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று மூன்று மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் முதலிடம் நிலைக்கும். முதலிடம் வருகிறவருக்குத்தான் ஆராய்ச்சிக்கூடத்தில் மேல்படிப்பு. ஒரு வாரமாகக் குளியலறைச் சுவரிடம் பதில் சொல்லிப் பழகியிருந்தாள். சுவர் நல்ல மாதிரி, எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

நாற்பத்தொன்று அவளுடைய தோழி. யாருக்கும் பயப்படாதவள், அலாரத்துக்குக்கூட. இன்றும் வரவில்லை என்றால் வருகை போதாமல் தேர்வே எழுத முடியாது. வகுப்பு தொடங்கும்போது கைப்பேசியில் செய்தி வந்தது: 'இப்பதான் கண்ணே முழிச்சேன். ப்ராக்ஸி குடுத்துடுடி தங்கம். அறம் தலைய தூக்கவே தூக்காது.'

உண்மைதான். திட்டமும் எளிது. தோழியின் எண்ணுக்கு எழுந்து மந்தமாக ஏதாவது சொல்லிவிட்டு உட்கார வேண்டும். பிறகு குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு தன் எண்ணுக்கு எழ வேண்டும்.

"நாற்பத்தொன்று."

"பிரசன்ட் சார்."

குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம். இன்னொருத்தி கணக்கில் பேசுவதால் இருக்கலாம்.

"ஒரு பொய்யால யாருக்கும் நஷ்டம் இல்ல. அப்ப அதைச் சொல்லலாமா?"

'சொல்லலாம் சார்' என்று முடித்திருக்கலாம். முடிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

"நஷ்டம் இல்லைன்னு யாரு சார் சொன்னது? பொய் சொன்னவங்கதானே? அதை மட்டும் எதுக்கு நம்பணும்?"

சிரிப்பில் மேசைகள் அதிர்ந்தன. யாரோ விசில் அடித்தார்கள்.

அறம் சார் தலை நிமிர்ந்தார்.

பதினைந்து வாரங்களில் முதல் முறை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, அவள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"நாற்பத்தொன்று! இத்தனை நாள் எங்கம்மா இருந்தே?"

ஹாஸ்டலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன் சார் என்பதுதான் சரியான பதில். அவள் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஐந்துக்கு ஐந்து.

"நாற்பத்திரண்டு."

இந்த முறை அவர் தலை குனியவில்லை. ருசி கண்டுவிட்டவர், அடுத்து யார் எழப்போகிறார்கள் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழ முடியாது. எழுந்தால் ஆள்மாறாட்டம், இருவருக்குமே தேர்வு கிடையாது. எழாவிட்டால் முதலிடம் போச்சு.

"நாற்பத்திரண்டு வரலையா?"

"பிரசன்ட் சார்."

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. தலை சீவாமல், ஒரு காதில் மட்டும் கம்மலோடு தோழி நின்றிருந்தாள். வகுப்பு சிரித்த சத்தத்தில் பின்கதவு வழியாக நுழைந்திருக்கிறாள்.

உட்கார்ந்திருந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயாடி. எதையாவது அடித்துவிடுவாள். மூன்று கிடைத்தால் போதும்.

அறம் சார் முன்னால் சாய்ந்தார். "தப்பு நடக்குறதைப் பார்த்துட்டும் வாயைத் திறக்காம இருக்கறவங்க மேலயும் தப்பு இருக்கா?"

தோழி தரையைப் பார்த்தாள். பேனா மூடியைத் திருகினாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

சொல்லுடி.

எங்கோ கைக்குட்டைக்குள் ஒரு சிரிப்பு புதைந்தது. நூற்றுச் சொச்சம் பேருக்கு விஷயம் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. அவளுக்கோ அந்தக் கேள்விக்கான பதில் தொண்டைவரை வந்து நின்றது.

தோழி பேனா மூடியை மறுபக்கமாகத் திருகினாள்.

அறம் சார் பதிவேட்டில் நாற்பத்திரண்டாம் வரியை விரலால் தடவிப் பார்த்தார். வகுப்பில் பதில் சொன்னதைக் குறிக்கும் கட்டங்கள் வரிசையாகக் காலி. பெருமூச்சு விட்டார்.

"கடைசி நாள் கூட இப்படியேவா? சரி, உட்காரும்மா."

சைபர்.

நாற்பத்து மூன்றைக் கூப்பிடுவதற்குள் அவள் மடியில் கைப்பேசி அதிர்ந்தது.

'பயந்துட்டியா? அந்தக் கேள்விக்கு எனக்குச் சூப்பர் பதில் ஒண்ணு தோணுச்சு. ஆனா சொன்னா நீ இல்லைன்னு தெரிஞ்சிடுமே. கஷ்டப்பட்டு அடக்கிட்டு, அச்சு அசல் உன்ன மாதிரியே நின்னேன்ல?'