ஐந்தாவது தடவை

லீஸ்பெத்துக்குக் கால் இரண்டும் கழன்று விழும்போல இருந்தது. ஹாலந்திலிருந்து ரோமுக்கு விடுமுறைக்கு வந்தவள், காலையிலிருந்து கைடு பின்னால் அலைந்து இடிந்த தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழுவில் அவளைவிடச் சோர்ந்து நடந்தவர் உள்ளூர்க்காரர் எர்மீனியோ ஒருவர்தான். கையில் ஒரு காலிப் பை. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

"முதல் தடவையா சார்?"

"அஞ்சாவது தடவைம்மா."

"அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்கிறதா? இந்தக் கல்லுங்களைப் பார்த்தாலே வயிறு எரியுது."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"கடைசி இடத்துக்குத் தனியா விடமாட்டாங்க. டிக்கெட் வாங்கி, எல்லாத்தையும் சுத்தித்தான் போகணும்."

சரியான கிறுக்கு என்று நினைத்துக்கொண்டாள் லீஸ்பெத்.

சாயங்காலம் ஒருவழியாகக் கடைசி இடம் வந்தது. சாதாரண வீடு. சமையலறைத் தரைக்கடியில் பழங்காலக் குளியல் தொட்டி ஒன்று தெரிந்தது.

"ஒழுகுற குழாய்க்காகத் தோண்டினப்போ கிடைச்சது," என்றாள் வேலைக்குப் புதிதான அந்தக் கைடு. "வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷன், அவரே போய் அதிகாரிங்ககிட்ட சொல்லிட்டார். அன்னைக்கே வீட்டைப் பூட்டிட்டாங்க. மூணு வருஷமா ஆராய்ச்சி நடக்குது, இந்த டூருக்கு மட்டும்தான் திறப்பாங்க. யாரும் எதையும் தொடாதீங்க!"

எர்மீனியோ குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்தார்.

"சார்! என்ன பண்றீங்க?"

"குளிர் ஆரம்பிச்சிருச்சேம்மா," என்றார் அவர், கம்பளிக் கோட்டைப் பைக்குள் திணித்தபடி. "போன தடவை பொண்டாட்டியோடதைத்தான் எடுத்துட்டுப் போனேன். இது என்னோடது."