காமாலை நர்ஸ்

"இன்னா நர்சம்மா, காலைலேந்து மூணு வாட்டி வந்துட்ட. பதினோரு நாள் தீட்டு கழியாம எங்க வூட்டுப் புள்ள மேல ஊசி படக்கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

ரேணுகா ஆரம்ப சுகாதார நிலையக் கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள். கட்டிலில் அவளுடைய தம்பி பார்த்திபனின் மனைவி ஸ்ரீலேகா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அருகில், விடியற்காலையில் பிறந்த பெண் குழந்தை.

"பதினோரு நாள் தாங்காதுக்கா," என்றாள் நர்ஸ் இளவரசி. "ஈரலைக் கெடுக்கிற காமாலைக்குத் தடுப்பூசி இது. பொறந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள போடணும். எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது."

"எங்க பார்த்திபனுக்கு யார் போட்டாங்க? கெணத்து மோட்டார ஒத்தை ஆளா தூக்கறான், பாரு."

பார்த்திபன் கூச்சத்துடன் கதவோரம் நகர்ந்தான். "அக்கா சொன்னா சொன்னதுதான் சிஸ்டர். வுட்டுடுங்க."

இளவரசி போகவில்லை. ரேணுகாவின் கண்கள் சுருங்கின.

"எல்லாப் புள்ளைக்கும் போடறதுன்னா இதுக்கு மட்டும் ஏன் இப்டி பறக்கற? எங்க ஸ்ரீலேகாவுக்கு ஏதாச்சும் சீக்கு கீதா? மறைக்காம சொல்லிடு. கீதுன்னா இன்னிக்கே அவ அம்மா வூட்டுக்கு ஓட்டிடறேன்."

ஸ்ரீலேகா அசையவில்லை. இளவரசி தன் கையிலிருந்த தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைக் கட்டிலோரம் வைத்தாள்.

"சீக்கு எனக்கு கீதுக்கா."

பார்த்திபன் நிமிர்ந்தான்.

"பொறக்கும்போதே எங்கம்மாகிட்டேந்து வந்துச்சு. அன்னிக்கு யாராச்சும் மூணு வாட்டி வந்து கெஞ்சியிருந்தா எனக்கு வந்திருக்காது. அதான் பறக்கறேன்."

ரேணுகா இரண்டடி பின்வாங்கினாள். "அய்யய்ய, அந்தக் கையாலயா புள்ளையத் தொடுவ?"

"தொட்டா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. ரத்தம் கலந்தாதான் வரும்."

பார்த்திபன் இளவரசியின் முகத்தைப் பார்த்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான்.

"அக்கா, நீ கொஞ்சம் வெளிய இரு," என்றான். "போடுங்க சிஸ்டர்."

ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் உடனடிக் காப்புக்கான ஊசியும் இறங்கின. குழந்தை வீறிட்டது. "வூட்ல பெரியவங்களும் டெஸ்ட் எடுத்துட்டுப் போட்டுக்குங்க, அண்ணா," என்றாள் இளவரசி. அவன் தலையாட்டினான்.

குழந்தை கீர்த்திக்கு இப்போது மூன்று வயது. ஒரு வயதில் எடுத்த சோதனையில் கிருமி இல்லை. பார்த்திபன் மூன்று தவணை ஊசியும் போட்டுக்கொண்டான். ரேணுகா ஊரெல்லாம் சொல்லிவைத்ததில் மானாம்பதியில் இளவரசிக்குக் காமாலை நர்ஸ் என்றே பெயர். வெயிலில் வீடு வீடாக நடந்து வந்தாலும் அந்தத் தெருவில் யாரும் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் தருவதில்லை. ஸ்ரீலேகா மட்டும் தன் டம்ளரிலேயே மோர் ஊற்றிக் கொடுப்பாள். இளவரசி வாய் வைத்துக் குடிப்பாள்.

இளவரசியின் ரத்தத்தில் அந்தக் கிருமி என்றைக்கும் இருந்ததில்லை. இருந்தது ஸ்ரீலேகாவின் ரத்தத்தில்.