சமையலறைச் சுவரில் ஒரு வாக்கு

முகவரி பதிவான வீட்டின் சுவரில்தான் வாக்களிக்க முடியும். அதனால் விவாகரத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது தேர்தலுக்கும் சுகந்தி பழைய வீட்டுக்கே வந்தாள். முன்னாள் கணவன் பொன்னரசு கதவைத் திறந்தான். சமையலறைச் சுவரில் விரலை வைத்து வாக்களித்தாள்.

"முகவரிய மாத்தச் சொல்லி தேர்தல் ஆபீஸ்ல எத்தனை தடவை கேட்டுட்டேன். இந்த வீட்லேர்ந்து சம்மதம் வரலைன்னே சொல்றாங்க."

"சிஸ்டம் கோளாறா இருக்கும்," என்றான். காபி கொடுத்தான். சர்க்கரை சரியாக இருந்தது.

அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே சமையலறைச் சுவர் பொன்னரசுவிடம் கேட்டது:

"வாக்காளர் சுகந்தி இந்த வீட்டைவிட்டுப் போய்விட்டாரா?"

பொன்னரசு வழக்கமான குரலில் பதில் சொன்னான்:

"இல்ல, கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா."